முதல் மிடறு

மைரிக் மூன்றாவது முறை அலறியதும் குண்டு எங்கள் பள்ளத்துக்கு இன்னும் பக்கத்தில் வந்து விழுந்தது.

ஜெர்மானியர்கள் நாற்பது கஜத்தில் இருந்தார்கள். சத்தத்தை வைத்தே குறி பார்த்தார்கள். என் தம்பி மைரிக் வாயை மூடாவிட்டால் அடுத்தது எங்கள் தலையில்தான்.

அவன் தொடையில் என் முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. பெல்ட்டால் இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்திவிட்டேன். வலியை நிறுத்தத்தான் வழியில்லை. எங்களோடு இருந்த, போர்முனை டெலிபோனைப் பார்த்துக்கொள்ளும் சிக்னல்காரன் பென்ரிக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. ஸ்ட்ரெச்சர்காரர்கள் மதியத்துக்கு முன்னால் வரமாட்டார்கள்.

பென்ரியின் பிணத்துக்குப் பின்னால் ஒரு கல்ஜாடி உடையாமல் நின்றது.

அந்த மாதிரி ஜாடியை அறியாதவன் பட்டாளத்தில் இல்லை. தினமும் காலையில் ஆளுக்கு இரண்டு மிடறு ரம் அதிலிருந்துதான் வரும். சார்ஜென்ட் ப்ராஸர் ஊற்றிக்கொண்டே வரும்போது அண்ணன் தம்பி இருவரும் மண்சுவர் பக்கம் திரும்பிக்கொள்வோம்.

"பைபிள் வீட்டுப் பசங்க பங்கும் நமக்குத்தான்டா!" என்று அவர் சிரிப்பார். எங்களுக்கு அதில் பெருமைதான்.

அப்பா போதையில் கல்குவாரிக்குள் விழுந்து செத்த வாரமே அம்மா எங்களை, சாகும்வரை மதுவைத் தொடமாட்டோம் என்ற மதுவிலக்கு அட்டையில் கையெழுத்துப் போட வைத்தாள். எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. இப்போது எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்கின் மதுவிலக்குச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. எங்களைப் போருக்கு அனுப்பியபோது ஸ்டேஷனில் எல்லா அம்மாக்களும் அழுதார்கள். அவள் அழவில்லை.

"செத்தாக்கூட மனசத் தேத்திக்குவேன். குடிச்சிட்டு மட்டும் என் வாசப்படிய மிதிக்காதீங்க."

நான் ஜாடியை இழுத்துக் கோப்பையில் சாய்த்தேன். தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. சங்கக் கூட்டத்தில் அம்மா காட்டுகிற சாராயமும் அப்படித்தான் இருக்கும். மருந்துக்கடையில் வாங்கி வந்து கண்ணாடிக் குவளையில் ஊற்றி, முட்டையின் வெள்ளைக்கருவை அதில் விடுவாள். கரு வெந்ததுபோல வெளுத்துத் திரளும். "குடிச்சா உள்ள இப்படித்தான் வேகும்," என்பாள். பிள்ளைகள் பெஞ்சில் பேயறைந்தமாதிரி உட்கார்ந்திருப்போம். மதுவை நாங்கள் கண்ணால் பார்த்தது அந்தக் குவளையில் மட்டும்தான்.

வாடை ஒன்றும் தெரியவில்லை. காலையில் வீசிய புகைக்குண்டில் மூக்கு செத்துப்போயிருந்தது.

"வேணாம்ணே. அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். வாயத் தொறடா."

பற்களை இறுக்கிக்கொண்டான். அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றினேன். மூக்கைப் பொத்தினேன். கத்தியின் பிடியைப் பல்லிடுக்கில் கொடுத்து நெம்பினேன். முன்பல் ஒன்று முறிந்தது. ரத்தத்தோடு சேர்த்து ஊற்றினேன்.

அவன் உடம்பு வில்லாக வளைந்தது. என் சட்டைக் காலரைப் பிடித்துக் கிழித்தான். அலற வாயைத் திறந்தான். உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். கடித்தான். எடுக்கவில்லை.

கையைத் தளர்த்தியபோது குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

"அம்மா சொன்னது நெசந்தான்ணே... வேகுது."

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் முதல் மிடறு எல்லோருக்குமே எரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பையன்கள் அதைக் குடித்துவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமுவதையும், மற்றவர்கள் அவர்களைக் கேலி செய்வதையும் சுவரைப் பார்த்தபடியே எத்தனை நாள் கேட்டிருக்கிறேன். இரண்டாவது மிடறில் சரியாகிவிடும்.

இரண்டாவதையும் ஊற்றினேன். மீண்டும் வாயைப் பொத்தினேன். காலால் மண்ணை உதைத்தான். பென்ரியின் பிணத்தை உதைத்தான். அவன் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் அடங்கினான். குண்டுகள் விழுவதும் நின்றது. அவனைக் காப்பாற்றிவிட்டேன் என்று சத்தியமாக நம்பினேன்.

மதியம் ப்ராஸர் இரண்டு ஸ்ட்ரெச்சர்காரர்களோடு ஊர்ந்து வந்தார். மூத்தவர் பெல்ட் கட்டை அவிழ்த்துப் பார்த்தார்.

"பிரமாதமா கட்டியிருக்க. இந்தக் காயத்துல எவனும் சாக மாட்டான்," என்றவர், மைரிக்கின் முகத்தைத் திருப்பியதும் பேச்சை நிறுத்திவிட்டார். அவன் உதடுகள் கறுத்துப்போய் உரிந்திருந்தன.

"தூங்குறான். ரெண்டு மிடறு ரம் குடுத்தேன்," என்றேன். "வீட்டுக்கு மட்டும் எழுதிராதீங்க சார்ஜென்ட்."

"ஏதுடா ரம்மு?"

ஜாடியைக் காட்டினேன். ப்ராஸர் அதிலிருந்து கொஞ்சம் மணல்மூட்டைமேல் ஊற்றினார். சாக்கு கறுத்துப் பொத்துக்கொண்டு மணல் கொட்டியது.

"ரம்மு டீத்தண்ணி நெறத்துல இருக்கும்டா," என்றார். திட்டவில்லை. கெஞ்சுவதுபோல் இருந்தது அவர் குரல். "காலி ஜாடியிலதான் பென்ரி பேட்டரி ஆசிட்ட ஊத்தி வெப்பான். எல்லாப் பயலுக்கும் தெரியுமேடா."

அப்போதுதான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். கடித்த தடம் ஒன்றும் பெரிதில்லை. தோல் மொத்தமாக வெந்திருந்தது.

அம்மாவுக்கு ப்ராஸர்தான் எழுதினார். காயம்பட்டு இறந்தான், உயிர் போகும்வரை ஒரு சொட்டு மதுவைத் தொடவில்லை என்று. அம்மா அதைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தாளாம்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.