மஞ்சள் பட்டன்

"மிஸ், நான் அமுக்குறதுக்குள்ள பக்கத்துல இருக்கிறவங்க அமுக்கிட்டாங்க!"

"பொய் மிஸ், இப்ப என்னோட முறை!"

நர்சரி வகுப்பில் ஒரே அமர்க்களம். புதிதாக வந்த கலர் கீபோர்டில் மஞ்சள் பட்டனை அமுக்கினால் திரையில் யானை குட்டிக்கரணம் போடும். அதற்குத்தான் இந்த அடிதடி.

"சண்டை போட்டா கம்ப்யூட்டரை அணைச்சிடுவேன். கையைக் கட்டுங்க!"

இருவரும் கப்சிப்பென்று கையைக் கட்டிக்கொண்டார்கள்.

வாசலில் பையோடு நின்ற நாலு வயதுப் பெண் அலுத்துக்கொண்டாள். "அப்பா, ஸ்கூல் விட்டு எவ்ளோ நேரமாச்சு! வீட்டுக்கு வாங்கப்பா."

"ஒரே ஒரு யானைடா செல்லம்!" கட்டியிருந்த கை மறுபடியும் மஞ்சள் பட்டனுக்குப் போனது.

மிஸ் மேசையிலிருந்த கடிதத்தை எடுத்தாள். "கீபோர்டு குழந்தைங்களைக் கெடுத்துடும், உடனே எடுத்துடுங்கன்னு நீங்க ரெண்டு அப்பாக்களும் எழுதிட்டு வந்த புகாரை என்ன சார் பண்றது?"

"அதை அப்புறம் பாக்கலாம் மிஸ். முதல்ல இவரைக் கையை எடுக்கச் சொல்லுங்க!"