ஸ்லிப்பில் ஆளில்லை

“ஒரே ஒரு ஸ்லிப் குடு நைனா. கால்ல வோணா வுய்றேன்.”

பேட்டில் உரசி வரும் பந்தைப் பிடிக்கப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தச் சொல்லி பிராங்கிளின் இப்படிக் கெஞ்சுவது இது நாலாவது முறை. கேப்டன் அத்தாவுல்லா பந்தைப் பேன்ட்டில் துடைத்து அவர் கையில் வைத்தான். “ஸ்லிப்பெல்லாம் வாணாம்ணா. லெக் ஸ்டம்புக்கு வெளிய போட்டுகினே இரு, அது போதும்.”

ஜெயிக்க ஒரே ஒரு விக்கெட் வேண்டும். எதிரணியான ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு இன்னும் எட்டு ரன். இன்றைய ஆட்டத்தில் பாக்கி இருப்பது மூன்று ஓவர். இந்த நேரத்தில் எட்டுப் பேரை எல்லைக்கோட்டுக்குத் துரத்திவிட்டு நிற்கிற கேப்டனை என்னவென்று சொல்வது?

எண்ணூரில் அந்த நிலக்கரி யார்டுக்குள் வருஷா வருஷம் நடக்கிற கோப்பை இது. டெஸ்ட் மேட்ச் மாதிரியே அணிக்கு இரண்டு இன்னிங்ஸ், மூன்று நாள். இன்று மூன்றாம் நாள். முடிவு தெரியாவிட்டால் நாலாம் நாளும் ஆடவேண்டும். அதுதான் பிராங்கிளினுக்குப் பயம். நாளைக் காலை தெம்பாக வந்து நின்றால் அந்த எட்டு ரன்னை இரண்டே அடியில் எடுத்துவிடுவார்களே!

பன்னிரண்டு வருஷமாக யார்டு டீமுக்கு இடது கையால் சுழற்பந்து போடுகிறார். ஒரு தடவைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை. முட்டி தேய்ந்துபோய், போன வருஷமே அவரை டூல் ரூமில் பகல் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த வருஷம் டீமில் சேர்க்கப் போவதில்லை என்பது அவருக்கே தெரியும். இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான்.

ஓடி வந்து போட்டார். சொன்னபடியே லெக் ஸ்டம்புக்கு வெளியே. ஒர்க்‌ஷாப்பின் கடைசி ஆட்டக்காரன் ஜேக்கப், பேட்டைத் தூக்கிக்கொண்டு காலால் தடுத்தான். ஒரு மணி நேரமாக அவன் செய்வதும் இதையேதான். பந்து ஆளே இல்லாத பக்கம் உருண்டு போயிற்று. பேட்டால் தட்டியிருந்தால் நடந்தே ஒரு ரன் எடுத்திருக்கலாம். அவன் அசையவில்லை.

இவனுக்கும் பயம்தான் என்று நினைத்துக்கொண்டார் பிராங்கிளின். நல்ல ஜோடி வாய்த்தது.

எல்லைக்கோட்டில் காலித் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ரஹீம் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்தே விட்டான். எல்லோர் கண்ணும் செக்கச்செவேலென்று இருந்தது. எண்ணூர் சாம்பல் காற்று அப்படி. ஆட்டம் முடிகிறவரை ஷிப்ட் கிடையாது, சம்பளம் மட்டும் உண்டு. கரும்பு தின்னக் கூலியும் கொடுத்து, கூடவே ஊட்டியும் விடவேண்டுமா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“டேய் ரஹீம், எந்திரி! இது இன்னா உன் வூடா?”

ரஹீம் படுத்தபடியே கையை ஆட்டினான்.

பிராங்கிளின் கேப்டன் பக்கம் திரும்பினார். “உனுக்கு ஜெயிக்கணும்னு ஆசையே கெடயாதா?”

அத்தாவுல்லா கொட்டாவியை மென்று விழுங்கினான். “டெஸ்ட் மேட்ச்சுன்னா பொறுமை வோணும்ணா. நாளிக்கிப் பாத்துக்கலாம்.”

“நாளிக்கி எட்டு ரன்ன அடிச்சிட்டுப் பூடுவானுங்கடா!”

“அடிக்க மாட்டானுங்க. நீ பேஜாராவாம போய்ப் போடு.”

அடுத்த ஓவரை இன்னொருவன் போட்டான், அதிலும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசி ஓவர் மறுபடியும் பிராங்கிளினுக்கே வந்தது. ஐந்து பந்துகள் சொன்ன பேச்சைக் கேட்டு வெளியே போயின. ஆறாவது பந்துக்காகத் திரும்பி நடக்கும்போது முட்டி விண்விண்ணென்று தெறித்தது. பன்னிரண்டு வருஷம் தோற்ற அலுப்பும் சேர்ந்துகொண்டது. கேப்டனாவது மண்ணாங்கட்டியாவது என்று ஒரு முடிவுக்கு வந்தார். ஸ்லிப் இல்லாவிட்டால் என்ன? ஸ்டம்ப் இருக்கிறதே.

சுழற்றாமல், வேகமாக, நடு ஸ்டம்பைப் பார்த்துப் போட்டார். ஜேக்கப் வழக்கம்போலப் பேட்டைத் தூக்கிக்கொண்டு லெக் பக்கமாகக் காலை நீட்டினான். பந்து காலுக்கு அந்தப் பக்கமாகப் புகுந்து ஸ்டம்பைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று.

“ஜெயிச்சிட்டோம்டா! டேய், ஜெயிச்சிட்டோம்!”

முட்டி வலி மறந்து மண்டியிட்டு விழுந்தார். கண்ணில் பொலபொலவென்று நீர் வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம், ஆண்டவரே, பன்னிரண்டு வருஷம்!

யாரும் ஓடி வரவில்லை. காலித், தலையில் கை வைத்துக்கொண்டான். ரஹீம் எழுந்து உட்கார்ந்து, சாய்ந்து கிடந்த ஸ்டம்பையே வெறித்துப் பார்த்தான். பையன்கள் சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்றுதான் அப்போதும் அவர் நினைத்தார்.

அவுட்டான ஜேக்கப் வெளியே போகவில்லை. பேட்டைத் தரையில் இழுத்துக்கொண்டு நேராக அத்தாவுல்லாவிடம் வந்தான். அவன் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

“இன்னா பாய், இன்னும் ஒரு ராத்திரி ரெண்டு டீமும் ஷிப்டுக்குப் போவாம தூங்கலாம்னு நாம பேசிகினத அண்ணனாண்ட சொல்லவே இல்லியா?”