தாழில்லாக் கதவு

“நீங்க தலைகீழா நின்னாலும் சரி, இதுக்கு நான் ஒப்புதல் தரமாட்டேன்.”

மடிக்கணினியை மேலாளர் பக்கம் திருப்பி வைத்தாள் அவள். திருப்பிய வேகத்தில் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளை தள்ளாடி நின்றது.

“மேடம், நாளைக்குக் காலையில வெளியிடறதா வாக்குக் குடுத்திருக்கேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். ஒண்ணுகூடச் சிவப்பு இல்ல.”

“டெஸ்ட் எழுதினது யாரு?”

“ஏஐ.”

“புரோகிராம் எழுதினது?”

“அதுவும்... அதே ஏஐதான்.”

“பரீட்சை எழுதினவனே பேப்பரும் திருத்திக்கிட்டான். அப்புறம் எங்கேருந்து சிவப்பு வரும்?”

கணவனின் கொடுமைக்கு அஞ்சி வீட்டைத் துறந்து வந்த பெண்களுக்கு அடைக்கலம் தரும் ஓர் அறக்கட்டளைக்காக மேலாளரின் நிறுவனம் உருவாக்கிய செயலி அது. பெயர்ப்பலகை இல்லாத வீடுகள் பலவற்றில் அப்பெண்கள் தங்கியிருந்தனர். எவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பதை அவளுக்குப் பொறுப்பான ஊழியர் மட்டுமே காண வேண்டும். செயலி வெளியிடத் தக்கதா என்று ஆராய்ந்து சொல்ல அறக்கட்டளை அமர்த்திய தணிக்கையாளர் அவள்.

“பாருங்க. சாதாரண ஊழியர் லாகின்லதான் உள்ளே வந்தேன். மேலே முகவரியில இருக்கற இந்தப் பதிவு எண்ணை ஒண்ணு கூட்டறேன்.”

விசையைத் தட்டினாள். ஒரு பெண்ணின் படம், பெயர், தெரு, கதவு எண் அனைத்தும் திரையில் விரிந்தன.

“இவங்க என் பொறுப்புல இல்ல. இன்னும் ஒண்ணு கூட்டறேன். இவங்களும் இல்ல. ‘யாரு நீ, உனக்கு இங்கே என்ன வேலை’ன்னு கேக்க உள்ளே ஒரு நாதி இல்ல.”

“ஊழியருக்கு மட்டும்தானே மேடம் லாகின்? வெளியாள் எப்படி வருவான்?”

“கடவுச்சொல்லை எழுதி மேசையிலேயே ஒட்டிவைக்கிற ஊழியர்களை நான் பார்த்ததில்லையா?”

“இதெல்லாம் சும்மா மாதிரித் தகவல்தான்...”

“மாதிரித் தகவல்ல, உதடு கிழிஞ்ச முகத்தைப் படம் எடுத்துப் போடுவாங்களா?”

மேலாளரின் பார்வை தரைக்கு இறங்கியது. “நேத்து மத்தியானம் நிஜத் தகவலையே ஏத்திட்டாங்க. ரெண்டு தடவை ஏத்தற வேலை மிச்சம்னு... நான்தான் சொன்னேன்.”

“வேலை மிச்சம்.” அச்சொல்லைக் கசப்பு மருந்துபோல் மென்று உமிழ்ந்தாள். “நம்பி வந்தவங்களைக் காட்டிக்குடுக்கற பாவத்துக்குக் கடவுள்கிட்டகூட மன்னிப்புக் கிடையாது, சார்.”

மேசையோரம், குனிந்த தலை நிமிராமல் நின்றிருந்தான் பொறியாளன். ஏஐயிடம் வேலை வாங்கும் பொறுப்பு அவனுடையது. அலுவலகத்தில் அவனுக்கு வழங்கிய பெயர் ‘சாது’. அவள் சினம் அவன்பால் திரும்பிற்று.

“அது எழுதித் தள்ளும், நீ படிக்கவே மாட்டியாப்பா?”

“மெஷின் எழுதினது மேடம். ஆயிரக்கணக்கான வரி. கண்ணுல படல.”

“கண்ணுல படலையா? அந்தக் கண்ணுக்குத்தானே சம்பளம் தர்றாங்க?”

“தப்புதான் மேடம். மன்னிச்சுக்கங்க. சரிபண்ணிடறேன்.”

கைகட்டி நின்றவன் ஓசையின்றிக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறினான்.

“அவனைத் திட்டாதீங்க மேடம்,” என்றார் மேலாளர். “தங்கமான பையன். எறும்பைக்கூட மிதிக்க யோசிப்பான். எல்லாம் அந்த ஏஐ பண்ணின கூத்து.”

“ஏஐயைத் திட்டினா அதுக்கு உறைக்குமா? வெக்கம் மானம் இருக்கற யாரையாவது திட்டினாத்தான் எனக்கு ஆறும். நகருங்க, அறிக்கை எழுதணும். இந்த ஓட்டை எப்ப விழுந்ததுன்னு தேதியோட போடறேன். உங்க வாடிக்கையாளர் படிச்சுட்டு வந்து உங்களைத் தாளிக்கட்டும்.”

செயலியின் பழைய பதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தாள். விசைப்பலகை அவள் விரல்களிடம் அடி வாங்கியது. மேலாளர் எதிரே அமர்ந்து, வெளியீட்டைத் தள்ளிவைக்கும் மின்னஞ்சலுக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தார்.

திடீரென விசைகளின் ஓசை நின்றது.

“சார், ஏஐ ஒழுங்காத்தான் எழுதியிருக்கு.”

“என்ன சொல்றீங்க?”

“கேக்கறவங்க அந்தப் பெண்ணுக்குப் பொறுப்பான ஊழியர்தானான்னு சரிபார்க்கற நாலு வரி, முதல் பதிப்புலேயே இருக்கு. அதைச் சோதிக்கிற டெஸ்டும் இருக்கு. நேத்து சாயங்காலம் யாரோ கையால ரெண்டையும் அழிச்சிருக்காங்க. நிஜத் தகவல் ஏறினதுக்கு அப்புறம்.” அவள் குரலில் இதுவரை இருந்த கனல் அடங்கி வேறொன்று ஏறியிருந்தது. “இந்தப் புரோகிராம்ல கைவைக்கற உரிமை யார் யாருக்கு இருக்கு?”

“அந்தப் பையன் ஒருத்தனுக்குத்தான்.”

மேலாளர் கைப்பேசியில் அவனை அழைத்து ஒலிபெருக்கியில் இட்டார். நெடுநேரம் மணி அடித்தபின் எடுத்தான். பின்னணியில் பேருந்தின் இரைச்சலும் நடத்துநரின் விசிலும் கேட்டன.

“எங்கேடா இருக்கே? அந்த நாலு வரியை எதுக்கு எடுத்தே?”

பணிவு சற்றும் குறையாத அதே குரல் மறுமொழி தந்தது:

“ரெண்டு நாள் லீவு வேணும் சார். என் பொண்டாட்டி எந்த வீட்ல ஒளிஞ்சிருக்கான்னு தெரிஞ்சுபோச்சு.”