நாதம், முதல் இதழ்

சகாயசெல்வி நின்ற இடத்தில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி நின்றது.

அச்சகத்திலிருந்து அன்று காலைதான் கட்டு வந்து இறங்கியிருந்தது. கல்லூரி இசைக்குழு மாணவர்கள் கொண்டுவரும் பத்திரிகை, 'நாதம்'. அட்டைப்படத்தில், மதுரைப் போட்டியில் கோப்பை வாங்கிய குழு வரிசையாக நின்று சிரித்தது. வயலின் வாசித்த அவளை மட்டும் காணோம்.

அழித்தவருக்கு அவசரம் போல. அவள் கையிலிருந்த வில்லின் நுனி மட்டும் தொட்டிக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த டி.டி.பி. சென்டரில், கல்லூரி விட்டதும் போய் உட்கார்ந்து அவள் இழைத்து இழைத்துச் செய்த புத்தகம் அது. எந்த எழுத்துரு என்று முடிவுசெய்யவே ஒரு வாரம் ஆனது. 'நாதம்' என்ற தலைப்பில், ம் மேல் உள்ள புள்ளியை இசைக்குறிப்பாக வளைத்தவள் அவள்தான். மங்கலாக இருந்த அந்தப் போட்டோவை ஃபோட்டோஷாப்பில் போட்டு ஒவ்வொரு முகமாக வெளிச்சம் ஏற்றியவளும் அவள்தான்.

எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவளும் கிடார் வாசிக்கும் ஸ்டீபன்ராஜும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த படம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் இரண்டு வீட்டிலும் சொல்லி, கோயில் பூசையில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்க வைத்துவிடுவது என்று அவர்கள் பேசி வைத்திருந்தார்கள். அது கிளாராவுக்கு மட்டும்தான் தெரியும்.

"வேற போட்டோ போடுவோம்டி" என்று கடைசிவரை மல்லுக்கட்டியவள் கிளாரா. இணை ஆசிரியர். முடித்த சிடியை அச்சகத்துக்குக் கொண்டுபோக வாங்கிக்கொண்டவளும் அவள்தான்.

கல்லூரி வாசலில் இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடினாள் சகாயசெல்வி. ஸ்டீபன்ராஜின் செல்லுக்குப் போட்டாள். அவன் ஏதோ வேலையாகச் சித்தையன்கோட்டையில் இருந்தான்.

"அட்டையில இருந்து என்னயத் தூக்கிட்டாங்க, ஸ்டீபன்."

"என்ன சொல்ற நீ? யாரு பாத்த வேல இது?"

"கிளாராதான். சிடி அவகிட்டதான இருந்துச்சு."

"இருக்கும். அவளுக்கு உம்மேல எப்பவுமே ஒரு இது உண்டு." குரலைத் தாழ்த்தினான். "நீ கலங்காத. ஒரு தொட்டிய வச்சு மறைச்சுட்டா நீ இல்லன்னு ஆயிருமா? பெரிசு பண்ணாம விட்ரு."

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இவன் ஒருத்தனாவது இருக்கிறானே.

ஆனால் விடத்தான் முடியவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே பாடகர் குழு, ஒரே டிபன் பாக்ஸ். அப்படிப்பட்டவளா இதைச் செய்தாள் என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

இசை அறையில் கிளாரா தனியாக உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தை அவள் மடியில் எறிந்தாள் சகாயசெல்வி.

"எத்தன நாளாடி மனசுல வச்சிருந்த?"

"நான் செய்யல, செல்வி."

"தொட்டி தானா நடந்து வந்து நின்னுச்சா?"

கிளாரா புத்தகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "நான் பிரஸ்ஸுக்கே போகல. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். நாங் கொண்டு போறேன்னு ஸ்டீபன்தான் சிடிய வாங்கிட்டுப் போனான்."

"போதும்டி. பழியத் தூக்கி அவன் தலையிலயே போடுறியா? இனிமே எம் மூஞ்சிலயே முழிக்காத." சகாயசெல்வி கதவுவரை போய்த் திரும்பினாள். "அவன் எதுக்குடி என்னய அழிக்கணும்?"

கிளாரா எழுந்து வந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வார ஞாயித்துக்கிழம, சித்தையன்கோட்டைப் பொண்ணுக்கும் அவனுக்கும் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிறாங்கடி."