வெறும் பட்டடை

சிஞ்ச்வட் ஃப்ளாட்டில் தனியாக இருந்த கோகுல்நாத், ஞாயிறுதோறும் கசார்வாடி ஷெட்டில் இரும்படிக்கப் பழகினான். வீடியோவில் பார்த்தபடி, அடிக்கு நடுவே வெறும் பட்டடைக்கல்லையும் ஒரு தட்டு தட்டுவான்.

"சார், அப்படித் தட்டுனா எதிர்ல நிக்கிற சம்மட்டிக்காரனை அடிக்கச் சொல்றதா அர்த்தம். போதும்னா சுத்தியலைப் படுக்க வைக்கணும்," என்றாள் பக்கத்து லேத் கடைக் கனகவல்லி.

"எனக்கு எதிர்ல யாருங்க நிக்கப் போறா?" என்று சிரித்தான்.

அன்று மதியம் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டான். எதிர்ப்பக்கத்திலிருந்து கனமான ஓர் அடி விழுந்தது. குறட்டில் பிடித்திருந்த சிவந்த கம்பி அதிர்ந்து தட்டையானது. மறுபடி தட்டினான். மறுபடி விழுந்தது. சுத்தியலைப் படுக்க வைத்தான். நின்றுவிட்டது.

ஷெட்டில் வேறு யாருமில்லை. கம்பி கறுத்து ஆறும்வரை எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி அடிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் சுத்தியலை எடுத்து, வெறும் பட்டடையை மெல்லத் தட்டினான்.