ஜூன் முப்பத்தொன்று

"கதவச் சாத்துத்தா. அண்ணாச்சியோட விதிய மாத்திரலாம்" என்றார் செந்தூர்பாண்டி. அவருடைய இரண்டு கைகளும் முழங்கை வரை சிவந்திருந்தன.

ஹர்ஷினி ஓரடி பின்வாங்கினாள். "அண்ணே, வேணாம்ணே. போலீசு கீலீசுன்னு ஆயிரப் போகுது..."

"ஏ கோட்டி, இது மை!"

செந்தூர்பாண்டி காலையிலிருந்து காலண்டர்களுக்குச் சிவப்பு ஞாயிற்றுக்கிழமைகளாக அச்சடித்துக்கொண்டிருந்தவர். சிவகாசியில் கனகசபாபதி அண்ணாச்சியின் காலண்டர் அச்சகத்தில் மிஷின் அவர் பொறுப்பு. ஹர்ஷினி விருதுநகர் கல்லூரியிலிருந்து இண்டர்ன்ஷிப்புக்கு வந்திருப்பவள்.

வந்த இடத்தில், புரூஃப் பார்த்த முதல் ஆர்டரிலேயே ஜூன் மாதத்துக்கு முப்பத்தொரு நாள் கொடுத்துவிட்டாள். மொத்த லோடும் அச்சாகிப் போய்விட்டது. வெம்பக்கோட்டைப் பாத்திரக் கடைக்காரர் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, "எங்க ஊர்ல ஜூன் முப்பதோட முடிஞ்சிரும்ணே" என்று அண்ணாச்சிக்கே போன் போட்டும் சொல்லிவிட்டார்.

மதுரைக்குப் போயிருந்த அண்ணாச்சி நாளைக் காலை வருகிறார். 'இண்டர்ன்ஷிப் முடிஞ்சா அங்கேயே வேலை' என்று சொல்லித்தான் வீட்டில் பார்த்த தாயில்பட்டி மாப்பிள்ளையை ஹர்ஷினி தள்ளிப் போட்டிருந்தாள். வேலை போனால் மறுநாளே பூவும் பழமுமாக வந்து இறங்கிவிடுவார்கள்.

"அழுவாத. நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று தோளில் தட்டினாள் புரூஃப் பிரிவு பொன்னுத்தங்கம் அக்கா. "இந்த ஆபீசுல எல்லாருக்கும் இதான் மொதப் பாடம். நல்லாக் கேட்டுக்கோ. அண்ணாச்சிக்குத் தனுசு ராசி. ஒரு நா நான் கேட்டப்ப அவரு வாயாலயே சொன்னாரு. காலைல வந்ததும் ரூம்ல தொங்குற தினக் காலண்டர்ல நேத்துத் தாளக் கிழிப்பாரு. தனுசுக்கு என்ன போட்டிருக்கோ, அன்னைக்கு அம்புட்டும் அதுபடிதான்."

"நம்ம அடிச்ச காலண்டரையா நம்புறாக?"

"ஏன், அல்வாக் கடைக்காரன் அல்வா திங்க மாட்டானா?"

"பங்குனிப் பொங்கலுக்கு எனக்கு ஒரு வாரம் லீவு வேணும்னு 'தாராளம்' அடிச்சு வச்சேன்" என்று பெருமையாகச் சொன்னார் செந்தூர்பாண்டி. "கேட்டது ஒரு வாரம். 'பத்து நா இருந்துட்டு வாய்யா'ன்னாரு!"

"போன மாசம் எனக்கு அட்வான்ஸ் வேண்டியிருந்துச்சு. 'ஈகை' போட்டோம். கேக்குறதுக்குள்ள கையில வந்துருச்சு" என்றாள் அக்கா.

ஹர்ஷினி அண்ணாச்சியின் ரூமுக்கு ஓடிப்போய் நாளைய தாளைத் தூக்கிப் பார்த்தாள். தனுசு: கோபம்.

"யாத்தி!"

"அதனாலதான் மாத்துறோம். என்ன போடலாம், சொல்லு" என்றாள் அக்கா.

"மன்னிப்பு?"

"எந்தக் காலண்டர்ல வந்துச்சு மன்னிப்பு? சந்தேகப்பட்டுருவாரு."

"அப்ப அமைதின்னு போடுங்க."

"அமைதியா வீட்டுக்கு அனுப்பி வச்சுருவாரு, பரவால்லயா?"

கடைசியில் 'பொறுமை' என்று முடிவானது. ராசிபலன் எப்போதும் சிவப்பில்தான் வரும். மிஷினிலும் சிவப்பு மைதான் இருந்தது. செந்தூர்பாண்டி ஒரே ஒரு தாள் அடித்துக் கொடுக்க, அக்கா காலண்டரின் பின்னை நெம்ப, ஹர்ஷினி கோபத்தை உருவிவிட்டுப் பொறுமையைச் செருகினாள். கூடப் பிறந்தவர்கள்கூட இப்படி உதவ மாட்டார்கள் என்று அவளுக்குக் கண் கலங்கிப் போனது.

மறுநாள் காலை. மூவரும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அண்ணாச்சி வந்தார். சாமி படத்தைக் கும்பிட்டார். நேற்றைய தாளைக் கிழித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தனுசு இருந்த கட்டத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தார். விரலில் சிவப்பாக ஒட்டியது. பார்த்தார். கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் புதுப் புள்ளைய வரச் சொல்லு!"

ஹர்ஷினி பாதி உயிராக உள்ளே போனாள்.

"ஜூனுக்கு ஒரு நா கூடக் குடுத்த தாயி நீதானா?"

"ஆமா அண்ணாச்சி. தெரியாம..."

"பரவால்ல. குடுத்ததுதான் குடுத்த, ஒரு ஞாயித்துக்கெழமையாக் குடுத்திருக்கக் கூடாதா?" தொப்பை குலுங்கச் சிரித்தார். "அந்தக் கட்டத்துல கடைக்காரரு போன் நம்பர ஸ்டிக்கரா அடிச்சு ஒட்டிரு. விளம்பரம்னு சொன்னா அவருக்கும் சந்தோசம். அம்புட்டையும் நீயே ஒட்டணும், ஆமா! படிப்பு முடிஞ்சதும் இங்கனயே வேலைக்கு வந்துரு. இனிமே உன் ஆயுசுக்கும் ஜூன மறக்க மாட்ட."

தாயில்பட்டி மாப்பிள்ளை கண்காணாத தூரத்துக்குப் போனார். சந்தோஷத்தில் ஹர்ஷினிக்கு வாய் நிற்கவில்லை. "தனுசு ராசிக்காரகளுக்கே தங்க மனசு அண்ணாச்சி!"

"எனக்கு மீன ராசி தாயி. பொன்னுத்தங்கம் கேட்டப்ப வாய்க்கு வந்ததச் சொல்லி வச்சேன்."

தடுப்புக்கு வெளியே எதுவோ தொப்பென்று விழுந்தது. செந்தூர்பாண்டியாகத்தான் இருக்க வேண்டும்.

"பெறகு... தெனமும் தனுசத்தான பாக்குறீக?"

அண்ணாச்சி சிவப்புக் கறை பட்ட கர்ச்சீப்பை நிதானமாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அதப் பாத்தாத்தானம்மா, இவுகளுக்கு இன்னைக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்!"