பின்னால் உட்கார ஓர் ஆள்

"இதுல மனுஷன் உட்கார முடியுமா? காக்காதான் உட்காரணும்!"

பொறியாளர் சொன்னதும் கூட்ட அறையே சிரித்தது. நடுவில் நின்ற புது ஸ்போர்ட்ஸ் பைக்கின் வால்பகுதி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பின்சீட்.

அதை வரைந்த டிசைனர் மட்டும் சிரிக்கவில்லை. ஆபீசில் அவருக்குப் பெயர் 'பென்சில்'. ஆளும் ஒல்லி, பேச்சும் ஒல்லி. வீட்டைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. கட்டைப் பிரம்மச்சாரி என்று எல்லாரும் தாங்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள்.

பொறியாளருக்குப் பெயர் 'மெத்தை'. அதற்குக் காரணம் உண்டு. இந்த பைக்கின் முதல் மாடலில் பின்சீட் அவருடைய கைவண்ணம். அகலமாக, மெத்துமெத்தென்று இருக்கும். "உட்கார்ந்தா இறங்கவே மனசு வரலைங்க" என்று ஊர் ஊராகப் பாராட்டு வந்தது. அந்தப் பாராட்டை வைத்தே மனிதர் இத்தனை காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகுதான் பென்சில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாவது மாடலில் சீட்டை இரண்டாக வெட்டினார். மூன்றாவதில் பின்சீட்டைக் கட்டையாக்கித் தூக்கி நிறுத்தினார். இதோ, நாலாவதில் அது சீட்டே இல்லை. பைக் என்னவோ பார்க்க ஜம்மென்று இருந்தது. இளவட்டங்கள் சொக்கிப்போனார்கள்.

"டீலருங்க புலம்பறாங்கப்பா" என்றார் மானேஜர். "புருஷன் ஆசையா பைக்கைத் தடவிப் பாக்கறான். பொண்டாட்டி பின்சீட்டைப் பாத்துட்டு, அவன் கையைப் புடிச்சு வெளிய இழுத்துட்டுப் போயிடறா."

"மாத்தினா அழகு போயிடும் சார்" என்றார் பென்சில். எப்போது கேட்டாலும் அவரிடம் இந்த ஒரு பதில்தான்.

மெத்தைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அழகை வெச்சு நாக்கு வழிக்கவா? பின்னாடி உட்கார வீட்டுல ஒரு ஆள் இருந்தா தெரியும். ஒண்டிக்கட்டைக்கு என்ன தெரியும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. சொன்னவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பென்சில் தலைகுனிந்தபடி இருந்தார். மானேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, பேசி முடிப்போம். முதல் மாடல் சீட்டே திரும்ப வரட்டும்" என்றார்.

பென்சில் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"அது மட்டும் வேண்டாம் சார். வேற எதை வேணா மாத்துங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன், அது மட்டும் வேண்டாம்."

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பென்சில் அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"ஒரு சீட்டுக்காக வேலையை விடறான். திமிரைப் பாத்தியா?" என்று அன்றைக்கு மெத்தை தன் மனைவியிடம் பொரிந்து தள்ளினார். இருந்தாலும் அந்த 'ஒண்டிக்கட்டை' தொண்டையில் முள்ளாக நின்றது. அவளும், "அப்படிச் சொல்லலாமா? போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் விலாசம் விசாரித்துக்கொண்டு கிளம்பினார்.

கதவைத் திறந்தது ஓர் இளம்பெண்.

"அப்பா கடைக்குப் போயிருக்கார். ஆபீஸ்லேருந்தா அங்கிள்? உள்ள வாங்க."

அப்பாவா? மெத்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுவரில் சிரித்த முகமாக ஒரு பெண்ணின் படம் மாட்டியிருந்தது.

"எங்க அம்மா" என்றாள் அவள், தண்ணீர் டம்ளரை நீட்டியபடி. "நான் ஸ்கூல்ல படிக்கும்போதே போயிட்டாங்க."

மெத்தை டம்ளரை வாங்கிக்கொண்டு, "ஒரு சீட்டுக்குப் போய் அப்பா வேலையை விடலாமாம்மா?" என்றார்.

"அந்த சீட்டுக்காகத்தான் அவர் அங்க வேலைக்கே சேர்ந்தார் அங்கிள்."

"புரியலையேம்மா."

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"ஆபீஸ்ல எல்லாரும் அப்பாவைத் திமிர் புடிச்சவர்னுதானே நினைக்கறீங்க? ஒருத்தருக்காவது தெரியட்டும். உங்க முதல் மாடல் எங்க வீட்டுல இருந்துச்சு. ஒரு நாள் மத்தியானம் சித்தி வீட்டுலேருந்து ரெண்டு பேரும் அதுல திரும்பி வந்துட்டிருந்தாங்க. சுகமான சீட்டு. அம்மா, அப்பா முதுகுல சாஞ்சு அப்படியே தூங்கிட்டாங்க. ஒரு வளைவுல..."

அவள் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"பின்னாடி கனம் குறைஞ்சப்பதான் அப்பாவுக்கே தெரிஞ்சுது."

மெத்தையின் கையிலிருந்த தண்ணீர் சட்டையில் சிந்தியது.

"அழகெல்லாம் ஒரு சாக்கு அங்கிள். அதுல உட்கார்ற யாருக்கும் கண் அசரக் கூடாது, முடிஞ்சா யாரும் ஏறவே கூடாதுன்னுதான் மாடலுக்கு மாடல் குறைச்சுட்டே வந்தார்."

"இதை..." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இதை ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"நானும் அப்பாகிட்ட எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த சீட்டைச் செஞ்சவர் இன்னும் அங்கதான் இருக்காராம். 'பாவம், நல்லதை நினைச்சுத்தான் செஞ்சார், தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்'னு சொல்லி அப்பா என் வாயை அடைச்சுடுவார். நீங்களும் அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அங்கிள்!"